பச்சைக் கண் மருமகள்

11

"வாளியைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே வா. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே. இன்னிக்கு நீ ஊமை" என்றாள் பஹீஜா.

"ஏற்கெனவே ஒரு கண்ணு போச்சு. இப்ப வாயுமா?" என்றாள் லமியா.

அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் தலையில் துண்டைச் சுற்றி, இடது கண் தெரியாதபடி இழுத்துச் செருகினாள். ஹஜ்ஜாவுக்கு அடையாளம் தெரியாதபடி தன் முகத்தையும் துண்டால் பாதி மூடிக்கொண்டாள். ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடத்தின் சூடான அறையிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. ஹஜ்ஜா பத்தூலின் இளைய மகனைக் கட்டப்போகும் இரண்டாவது மருமகளுக்கு இன்று கல்யாணக் குளியல். முதல் மருமகள் இதோ, வாளியும் கையுமாக வாசலில் நிற்கிறாள்.

லமியாவின் கதை மெக்னஸ் நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். சொல்லிப் பரப்பியது ஹஜ்ஜாவேதான். "பச்சைக் கண்ணுன்னு காட்டி என் தலையில கட்டிட்டாங்க. கண்ணுல ஒட்டியிருந்தது வெறும் லென்ஸு" என்று போகிற வீட்டிலெல்லாம் தேநீரோடு சேர்த்து ஊற்றினாள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று லமியா பச்சை லென்ஸ் போட்டிருந்தாள். முதல் நாள் சித்தி மகளின் கல்யாணத்துக்குப் போட்டது, கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவிட்டாள். ஹஜ்ஜா அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "எங்க பரம்பரைக் கண்ணு" என்று கண் கலங்கினாள். அன்றைக்குச் சாயங்காலமே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அதற்கப்புறம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? புகுந்த வீட்டில் லமியா லென்ஸோடு சமைத்தாள், லென்ஸோடு தூங்கினாள், மாமியாரோடு ஹம்மாமுக்குப் போய் லென்ஸோடு குளித்தாள்.

கண் சிவந்தபோது ஹஜ்ஜா சொன்னது ஒன்றுதான். "பெருநாள் முடியட்டும். விருந்தாளி வர்ற வீட்டுல மருமக கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கிறதா?"

பெருநாள் முடிந்தது. கண்ணும் முடிந்தது. தண்ணீரில் வாழும் ஒரு கிருமி லென்ஸுக்கு அடியில் போய்க் கருவிழியை அரித்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். விவாகரத்தும் ஆயிற்று.

இரண்டு வருடமாக அவள் படுத்தால் எழுந்தால் நினைப்பது ஒன்றைத்தான். நான்தானே ஏமாற்றினேன்.

அதனால்தான் போன வாரம் ஜவாத் அவள் வேலை செய்யும் இனிப்புக் கடைக்கு வந்து நின்றபோது அவள் கரைந்துபோனாள். "நீ ஏமாத்தினதை நான் மன்னிச்சுட்டேன், லமியா. திரும்பி வந்துடு. அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்றான் பழைய புருஷன். இன்று சாயங்காலம் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அம்மா நேற்றிலிருந்து அழுதுகொண்டே "சரின்னு சொல்லிடுடி" என்கிறாள். லமியாவுக்கும் பாதி மனசு சரி என்றுதான் சொன்னது. மீதிப் பாதி மனசு இன்றைக்கு ஹம்மாமில் வேறு வேலை வைத்திருந்தது.

"புதுசா வர்றவ கண்ணும் பச்சையாமே" என்று ஊர் பேசியது. பஹீஜா சிரித்தாள். ஹம்மாமில் உடம்பு தேய்த்துவிடும் அவள் போன வாரம்தான், தனியாகக் குளிக்க வந்த இக்ராம் என்கிற அந்தப் பெண்ணுக்கு முதுகு தேய்த்திருந்தாள். "பக்கத்துல பார்த்தேன்டி. கருவிழியைச் சுத்தி ஒரு வளையம் ஓடுது. உன் கண்ணுல ஓடினது மாதிரியே. லென்ஸுதான்."

ஹஜ்ஜா தன் தெருவில் இருக்கும் ஹம்மாமை விட்டுவிட்டு, பெருமைக்காக ஊரின் புது நகரப் பகுதியில் இருக்கும் இந்த ஹம்மாமைப் பிற்பகல் முழுக்கப் பிடித்திருந்தாள். பஹீஜா இங்கே வேலைக்குச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது. திட்டம் சுலபமானது. பஹீஜா மணப்பெண்ணின் முகத்தில் கறுப்புச் சோப்பை அள்ளிப் பூசுவாள். எரிச்சலில் பெண் கண்ணைக் கசக்குவாள். லென்ஸ் கையோடு வரும். அதை லமியா தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவாள். ஹஜ்ஜா பத்தூல் இரண்டாவது தடவையாக ஏமாந்தாள் என்று ஊர் வாய்விட்டுச் சிரிக்கும்.

"சின்னப் பொண்ணுக்கா. பாவமில்லையா?" என்று லமியா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"உனக்கு யாராவது பாவம் பார்த்தாங்களா?" என்றாள் பஹீஜா.

உள்ளே ஆவி மண்டிக் கிடந்தது. நடுவில் மெழுகுவத்திகள் சூழ இக்ராம் உட்கார்ந்திருந்தாள். கெனிஃப்ரா மலைப்பக்கத்துப் பெண். தாய் இல்லை. பத்து நாளாக ஹஜ்ஜா வீட்டில்தான் தங்கல். அப்பா கல்யாணத்துக்கு நாளைக்குத்தான் வருகிறார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஹஜ்ஜாவின் சொந்தக்காரர்கள். ஹஜ்ஜா பளிங்கு மேடையில் ராணி மாதிரி சாய்ந்துகொண்டு, குளியல் கூடையை மடியோடு அணைத்து வைத்திருந்தாள்.

"பார்த்தியா ஃபத்னா, கண்ணைப் பார்த்தியா? ஆலிவ் இலை மாதிரி. அல்லா எங்க வீட்டுக்குன்னு எழுதி வெச்சிருக்கான்" என்றாள் ஓரகத்தியைப் பார்த்து.

"பார்த்தேன், பார்த்தேன். காலையில இருந்து அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் ஃபத்னா. அவள் வீட்டில் நான்கு மருமகள்கள். நான்கு பேருக்கும் கறுப்புக் கண். அதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

பஹீஜா கையில் சோப்பைக் குழைத்துக்கொண்டு மணப்பெண்ணின் பின்னால் மண்டியிட்டாள். லமியா வாளியை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

மேலே கூரையில் பதித்த கண்ணாடித் துளை வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்துகொண்டிருந்தது. இக்ராம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினாள். வலது கண் சிரித்தது. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. வேர்வை துடைப்பது போல அதை அடிக்கடி துடைத்துக்கொண்டாள். லென்ஸைச் சுற்றி வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்திருந்தது.

அந்த வலி லமியாவுக்குத் தெரியும். அந்தத் துடைப்பும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

பஹீஜாவின் கை மணப்பெண்ணின் முகத்துக்கு வந்தது. லமியா அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அக்கா முறைத்தாள். லமியா விடவில்லை.

"கண்ணு வலிக்குதா?" என்று இக்ராமின் காதருகில் கேட்டாள். ஊமை வேஷம் அத்தோடு போயிற்று.

"இல்லக்கா. சோப்பு பட்டுடுச்சு."

"சோப்பு இன்னும் போடவே இல்ல. உள்ளே மணல் கொட்டினாப்புல இருக்கா? வெளிச்சத்தைப் பார்த்தா ஊசி குத்துதா?"

இக்ராம் உடம்போடு அவள் பக்கம் திரும்பினாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லென்ஸைக் கழட்டு."

"கழட்ட முடியாதுக்கா. டப்பாவை அத்தை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. டப்பா இருந்தாத்தானே கழட்டத் தோணும்னு சொன்னாங்க. அந்தக் கூடையிலதான் இருக்கு."

லமியாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்த அத்தை?"

"ஹஜ்ஜா அத்தைதான். லென்ஸு அவங்க ஏற்பாடுதானே. என் கண்ணு சாதாக் கண்ணுக்கா. ஊர் வாயை அடைக்கணும், நிஜப் பச்சைக் கண்ணு மருமக வந்துட்டான்னு காட்டணும்னு போடச் சொன்னாங்க."

"ராத்திரியும் போட்டுக்கிட்டே தூங்கச் சொன்னாங்களா?"

"ஆமா. பயமா இருக்குன்னேன். அதுக்கு அவங்க, 'என் பெரிய மருமக மாசக்கணக்கா ராத்திரி பகலாப் போட்டுக்கிட்டுக் கிடந்தா. வந்த முதல் வாரமே நான் கண்டுபிடிச்சுட்டேன். தூங்குறப்ப இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்டுக்காம விட்டேன். ஊருக்குப் பச்சையாத் தெரிஞ்சா சரி. அவ கண்ணு போனது திருஷ்டியில'ன்னு சொன்னாங்க."

லமியாவின் கை வாளியின் விளிம்பைப் பற்றியது.

முதல் வாரமே. அப்படியானால் ஹஜ்ஜா எந்த நாளும் ஏமாறவில்லை. தெரிந்தேதான் பச்சைக் கண் என்று ஊரைக் கூட்டிப் பெருமை அடித்தாள். தெரிந்தேதான் பெருநாள் முடியட்டும் என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் "ஏமாத்திட்டியேடி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாளே, அந்த அழுகைக்கு லமியா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். அவள் கையை முத்தமிட்டாள். அந்தக் கையை இப்போது நினைத்தால் உதடு எரிந்தது.

இத்தனை நாளும் தன் மேல் இருந்த கோபம் முழுக்க எழுந்து இடம் மாறியது. லமியாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

"அக்கா, சோப்பு வேண்டாம். அந்தக் கூடையைக் கொண்டா" என்றாள்.

பஹீஜா கையிலிருந்த சோப்பை உதறினாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், எழுந்தாள். "ஹஜ்ஜா, மணப்பெண்ணுக்குத் தலைக்குத் தேய்க்கிற களிமண் குழைக்கணும். கூடையைக் குடுங்க."

"நானே எடுத்துத் தரேன். நீ தள்ளு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று பஹீஜா கூடையை மடியிலிருந்து உருவி, பளிங்கு மேடையில் அப்படியே கவிழ்த்தாள்.

சீப்பு விழுந்தது. மருதாணிப் பொட்டலம் விழுந்தது. பன்னீர்ச் செம்பு உருண்டது. கடைசியாக இரட்டை மூடி போட்ட ஒரு சின்ன டப்பா துள்ளிப் போய் ஃபத்னாவின் காலடியில் நின்றது.

ஃபத்னா அதை எடுத்துப் பார்த்தாள். "இது என்ன ஹஜ்ஜா, மூக்குப்பொடியா? எப்ப இருந்து இந்தப் பழக்கம்?"

"குடு இங்கே."

ஃபத்னா கொடுக்கவில்லை. ஒரு மூடியைத் திருகினாள். தண்ணீரில் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது, மாற்றுக்கு வைத்திருந்த லென்ஸ். இன்னொரு மூடிக்கு அடியிலும் அதே பச்சை. பாட்டு நின்றது. தரபுக்கா மேளம் கொட்டிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் தோலின் மேலேயே நின்றன.

"அது என்னோடது இல்ல" என்றாள் ஹஜ்ஜா. பிறகு கண் இமைக்கும் நேரத்தில் குரல் மாறியது. "அடிப்பாவி. இவளுமா? இவளும் என்னை ஏமாத்திட்டாளா?"

இக்ராம் தலையைக் குனிந்துகொண்டாள். பழி தன் மேல் விழும் என்று தெரிந்தே வந்தவள் போல இருந்தது அந்தக் குனிவு.

லமியா எழுந்து வெயில் கோட்டுக்குள் வந்து நின்றாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். பாலாடை படிந்த மாதிரி வெளுத்திருந்த இடது கண்ணை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தி வாய்க்குள் பிஸ்மில்லா சொன்னாள்.

"ஹஜ்ஜா, என்னைத் தெரியுதா?"

"நீ எங்கேடி இங்கே வந்தே?"

"உங்க பரம்பரைக் கண்ணை நீங்களே பார்க்கட்டும்னுதான் கொண்டு வந்தேன். நல்லாப் பாருங்க. பெருநாள் முடியட்டும்னீங்களே, அது முடிஞ்சப்புறம் மிஞ்சினது இதுதான்."

"வேஷம் போட்டு என் வீட்டுக்குள்ள வந்தவ நீ. நீ பேசாதே."

"வேஷம் போட்டேன். அது என் தப்பு. அதுக்கு ஒரு கண்ணைக் குடுத்துட்டேன். முதல் வாரமே என் இமையைத் தூக்கிப் பார்த்துட்டுப் பேசாம படுத்தீங்களே, அதுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

ஹஜ்ஜாவின் பார்வை இக்ராமின் மேல் பாய்ந்தது. அந்தப் பார்வையே போதும், எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"நான் பார்க்கல. அல்லா மேல சத்தியமா..."

"ஹஜ்ஜுக்குப் போய் வந்த வாய். சத்தியம் வேண்டாம்" என்றாள் ஃபத்னா. டப்பாவை மூடி லமியாவின் கையில் வைத்தாள். "ஏமாத்தினவளோட டப்பா ஏமாந்தவ கூடையில எப்படி வந்ததுன்னு மட்டும் சொல்லு. எங்க வீட்டுல நாலு மருமக. நாலும் கறுப்புக் கண்ணுன்னு இத்தனை வருஷம் குத்திக் காட்டினே. எட்டுக் கண்ணும் நல்லாப் பார்க்குதும்மா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒன்று கிளம்பினால் போதாதா? ஹம்மாமின் வளைந்த கூரை அந்தச் சிரிப்பை வாங்கி நான்கு பங்காகத் திருப்பிக் கொடுத்தது. ஹஜ்ஜா பத்தூல் துண்டை இழுத்து மார்பில் போர்த்திக்கொண்டாள். நாளைக்குக் காலையில் தெருப் பொது ரொட்டி அடுப்புக்கு மாவு கொண்டுபோகும் பெண்களிடமிருந்து இந்தச் சிரிப்பு தெருத்தெருவாகப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? கதை பரப்புவதில் அவள்தானே கெட்டிக்காரி.

லமியா இந்த முகத்தைப் பார்க்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தாள். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் பக்கத்தில் இக்ராம் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினாள்.

"கையைக் கழுவிக்கிட்டு லென்ஸைக் கழட்டு. இந்தத் தண்ணி வேண்டாம். அக்கா, குடிக்கிற பாட்டில் தண்ணியும் சோப்பும் குடு, கைக்கு மட்டும்" என்றாள் லமியா. "ஜெல்லாபா அங்கியைப் போட்டுக்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்குக் கல்யாணம்" என்று ஹஜ்ஜா வழிமறித்தாள். சிரிப்புக்கு நடுவிலும் அவளுக்கு அந்தக் கவலை போகவில்லை. பன்னீர்ச் செம்பை எடுத்து நீட்டினாள். "ரெண்டு சொட்டுப் பன்னீர் விட்டா இறங்கிடும். கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்."

லமியா அந்தச் செம்பை வாங்கினாள். நிதானமாகக் கவிழ்த்து, முழுவதையும் சாக்கடையில் ஊற்றினாள்.

"எனக்குப் பெருநாள். இவளுக்குக் கல்யாணம். உங்க நாக்குல எப்பவும் ஏதாவது ஒண்ணு முடிய வேண்டியிருக்கு ஹஜ்ஜா. தள்ளுங்க."

ஹஜ்ஜா தள்ளவில்லை. பஹீஜா தள்ளினாள்.

நீல டாக்ஸியில் பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். இக்ராம் ஈரத் தலையை லமியாவின் தோளில் சாய்த்திருந்தாள். லென்ஸ் போன பிறகு அவள் கண்கள் தேன் நிறமாக இருந்தன, ஒன்று மட்டும் சிவந்த தேன்.

"என் கண்ணு போயிடுமாக்கா?"

"சீக்கிரம் வந்துட்டே. நான் லேட்டாப் போனேன்" என்றாள் லமியா. அதற்கு மேல் வாக்குக் கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் லென்ஸையும் டப்பாவையும் கேட்பார். அன்றைக்கும் அதைத்தான் கேட்டார். டப்பாவைச் சோதித்தால் எந்தக் கிருமி என்று சீக்கிரம் தெரியும், சரியான மருந்தைத் தொடங்கலாம் என்றார். ஜவாத் வீட்டுக்கு ஓடிப் போய்த் தேடி, "அம்மா குப்பையில போட்டுட்டாங்களாம்" என்று வெறும் கையோடு வந்தான். கிருமியைக் கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன.

லமியா கையை விரித்து டப்பாவைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் இப்போதுதான் அது சரியாகத் தெரிந்தது.

இடது மூடியில் ஒரு பொட்டு. திராட்சை நிற நகப்பூச்சு.

இடது எது, வலது எது என்று குழம்பாமல் இருக்க, கல்யாணத்துக்கு மறுநாள் அவளே வைத்த பொட்டு. ஓரத்தில் அவள் பல்லால் கடித்துத் திறந்த தடம்கூட அப்படியே இருந்தது.

குப்பைக்குப் போன டப்பா. அவள் கண்ணைத் தின்ற டப்பா. அதைக் கழுவி இந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"இக்ராம். இந்த டப்பாவை உன்கிட்ட யார் கொடுத்தது? ஹஜ்ஜாவா?"

"இல்லக்கா. லென்ஸும் டப்பாவும் கொண்டு வந்து கொடுத்தது ஜவாத் அண்ணன்தான். எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்ததும் அவர்தான். 'டப்பாவைப் பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன், புதுசு எதுக்குத் தண்டச் செலவு'ன்னார். ராத்திரி கழட்டினா அம்மா கத்துவாங்க, அப்படியே தூங்கிடு, லமியாவும் அப்படித்தான் தூங்குவான்னு சொன்னார்." இக்ராம் நிமிர்ந்தாள். "ஏன்க்கா, லமியாங்கிறது..."

லமியாவின் மடியில் போன் அதிர்ந்தது. ஜவாத்.

சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. அவன் சொன்ன நேரத்துக்குத் தவறாதவன். லமியா எடுத்தாள்.

"லமியா," என்றான் அவன், தேனாக. "நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். பதில் சொல்றேன்னியே."

"சொல்றேன்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பெரியாஸ்பத்திரி, கண் பிரிவு வாசலுக்கு வா. உள்ளே டாக்டரும் இருப்பார். உனக்கான பதிலைக் கையிலதான் வெச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு, டப்பாவின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிக்கொண்டாள்.